ஸ்கூட்டர் ஓட்டும் காலுக்கு எந்த ஷூ? செருப்பிலிருந்து ரைடிங் பூட்ஸ் வரை ஓர் ஒப்பீடு

"தினமும் அரை மணி நேரம் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். செருப்பு ஆகாது என்று தெரிகிறது. அதற்காக ராணுவத்தில் சேர்ந்தவன் மாதிரி பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியுமா? நடுவில் ஏதாவது இருக்கிறதா?"

இந்தக் கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் அசட்டையானவர்கள் இல்லை. ஹெல்மெட்டை நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கியவர்கள்தான். காலுக்கு வரும்போது மட்டும் குழம்பிவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்துக்கு ஸ்கூட்டரே காரணம் என்று நினைக்கிறேன்.

1946 ஏப்ரலில் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. அதை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. எண்ணெய் தெறிக்கிறது, செயின் உடுப்பைப் பாழாக்குகிறது, காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியிருக்கிறது என்று அவருக்குக் குறை. அதனால் எஞ்சினை மூடினார், முன்னால் ஒரு தகட்டைத் தடுப்பாக நிறுத்தினார், கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுபோனார், பாதத்துக்குத் தட்டையான ஒரு மேடை கொடுத்தார். போட்டிருக்கும் உடுப்போடும் ஷூவோடும் அப்படியே ஏறிப் போகலாம் என்பதற்காகவே பிறந்த வண்டி அது.

அந்த வசதி நம்மை நன்றாகவே பழக்கிவிட்டது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பாதத்துக்கு வேலையே கிடையாது. சும்மா வைத்திருக்கும் காலுக்கு என்ன பெரிய ஷூ என்றுதான் தோன்றும். ஆனால் முன்னால் நிற்கும் அந்தத் தகடு சேற்றையும் காற்றையும்தான் தடுக்கும். வண்டி பக்கவாட்டில் சாயும்போது பாதம் இருக்கும் பக்கம் திறந்தவெளி.

எனக்கு இது புரிந்தது ஒரு சாயங்காலம். வண்டியை நிறுத்தத் திரும்பும் இடத்தில் சன்னமாக மணல் பரவியிருந்தது. வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் யாராவது நடந்து வந்திருந்தால் என்னை முந்தியிருப்பார்கள். முன்சக்கரம் நழுவியது, இடது காலை ஊன்றினேன். காலில் இருந்தது பின்வார் வைத்த சாண்டல். சாண்டல் மணலில் ஒரு பக்கம் போனது, பாதம் சாண்டலுக்குள் இன்னொரு பக்கம் போனது, வண்டி அவசரமே இல்லாமல் என் கணுக்கால் மேல் சாய்ந்து படுத்தது. ஃபுட்போர்டின் விளிம்பு வெளிப்பக்கத்து எலும்பில் பதிந்த இடத்தில் ஒரு நாணயம் அளவுக்குத் தோல் இல்லை. எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த எலும்புக்கு மேல் சதை என்று எதுவும் கிடையாதே. புண் ஆற ஆறு வாரம் ஆனது. அதுவரை சாக்ஸ் போடும்போதெல்லாம் அந்த மணல் ஞாபகம் வந்தது.

## எதை வைத்து அளப்பது

என் முதல் அளவுகோல் கணுக்கால். அதை மூடுகிறதா, மூடும் இடத்தில் ஏதாவது திண்டு இருக்கிறதா? 125 சி.சி. வரையிலான ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டியோ சற்று மேலோ இருக்கும். அந்த எடை சாயும்போது முதலில் மாட்டுவது பாதத்தின் வெளி விளிம்பும் கணுக்காலும். ஆஸ்திரேலியாவில் விபத்தில் சிக்கிய 212 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை வைத்து லிஸ் டி ரோம் குழுவினர் செய்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. சாதாரண ஷூவோ ஸ்போர்ட்ஸ் ஷூவோ போட்டிருந்தவர்களோடு ஒப்பிட்டால், வண்டிக்கென்று செய்யப்படாத வெறும் பூட்ஸ் போட்டிருந்தவர்களுக்கே பாதத்திலும் கணுக்காலிலும் அடிபடும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. அந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி முடிவுகள் தானாக விழுந்துவிடும்.

இரண்டாவது, கழன்று போகாமை. விழும்போது பாதத்தைவிட்டுப் பறந்துபோகும் ஷூ எவ்வளவு தடித்த தோலால் ஆனதாக இருந்தாலும் பயனில்லை. மாட்டிக்கொண்டு, குதிகாலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். லேஸையோ ஜிப்பையோ அவிழ்க்காமல் கையோடு வந்துவிட்டால் விபத்திலும் வந்துவிடும்.

மூன்றாவது, சோல். இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று தரையில் பிடிப்பு: சிக்னலில் ஊன்றும் கால் எண்ணெய்த் திட்டிலோ, மழை நனைத்த வெள்ளைக் கோட்டிலோ, இரும்பு மூடியிலோதான் இறங்கும். இன்னொன்று விறைப்பு. ஷூவின் முனையையும் குதிகாலையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் பாதமும் அப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். பிறகு சோலின் அகலமான இடத்தை இரு பக்கமும் பிடித்து அமுக்குங்கள். கைக்கே மடங்குகிற சோல் வண்டியின் எடைக்கு என்ன செய்யும்?

நான்காவது, உராய்வு. மணிக்கு 40 கி.மீ. என்பது வினாடிக்கு 11 மீட்டருக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் விழுந்தால் காய்ந்த தார்ச்சாலையில் ஒன்பது, பத்து மீட்டர் வரை தேய்ந்துகொண்டே போக வேண்டியிருக்கும். ஒன்றரை வினாடிக்கும் மேல். வலைத்துணி அந்த ஒன்றரை வினாடி நிற்காது. தடித்த தோல் நிற்கும்.

அப்புறம் அன்றாடம். போய் இறங்கிய இடத்தில் நாள் முழுக்க நிற்க முடிகிறதா, நடக்க முடிகிறதா, வேர்க்கிறதா, நனைந்தால் மறுநாள் காலைக்குள் காய்கிறதா? இதைச் சிலர் ஆடம்பரமாக நினைக்கிறார்கள். சௌகரியம் இல்லாத பூட்ஸ் ஒரு மாதத்தில் அலமாரிக்குள் போய்விடும். அலமாரிக்குள் இருக்கும் பூட்ஸ் யார் காலையும் காப்பாற்றாது.

கடைசியாக, வண்டியோடு ஒத்துப்போவது. சென்டர் ஸ்டாண்டின் மிதிகட்டை விரல் தடிமனுள்ள ஓர் இரும்புத் துண்டு. மெல்லிய சோல் என்றால் அது உள்ளங்காலில் தெரியும். கிக்கர் உள்ள வண்டியில் தொங்கும் லேஸ் அதில் சிக்கும். பழைய கியர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் வலது காலுக்கு பிரேக் மிதி உண்டு. முனை தடித்த ஷூ அங்கே இடைஞ்சல். சீட் உயரமாக இருப்பவர்களுக்குத் தடித்த சோல் இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடக் கொடுக்கும், அது ஒரு வரம்.

| வகை | கணுக்கால் | கழன்று போகாமை | உராய்வு | விறைப்பு | நாள் முழுக்கப் போட | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|---|---|
| செருப்பு, சாண்டல் | இல்லை | மோசம் | இல்லை | இல்லை | நன்று | மருந்துக் கட்டு |
| ஸ்போர்ட்ஸ் ஷூ, கேன்வாஸ் | இல்லை | நன்று | குறைவு | குறைவு | மிக நன்று | மழை, சீக்கிரம் தேய்தல் |
| அலுவலகத் தோல் ஷூ | இல்லை | லேஸ் இருந்தால் பரவாயில்லை | சுமார் | சுமார் | நன்று | கீறல், பாலிஷ் |
| சேஃப்டி ஷூ | சிலவற்றில் | நன்று | நன்று | முனையில் மட்டும் உறுதி | கனம் | சோல் உதிர்தல் |
| தோல் பூட்ஸ், மலையேற்ற பூட்ஸ் | உண்டு | மிக நன்று | நன்று | நன்று | பழகினால் நன்று | பழகும் காலம், பராமரிப்பு |
| ரைடிங் ஷூ | திண்டோடு உண்டு | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | சுமாரிலிருந்து நன்று வரை | முதல் விலை |
| நீளமான ரைடிங் பூட்ஸ் | முழுமையாக | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | மோசம் | மாற்று ஜோடி கட்டாயம் |

## செருப்பு, சாண்டல், நுரைச் செருப்பு

இதில் ஒப்பிட அதிகம் இல்லை. பின்வார் உள்ளது வெறும் செருப்பைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். நுரையில் வார்த்தெடுத்த செருப்புகள் நனைந்ததும் உள்ளே பாதம் வழுக்கும், வெளியே தரை வழுக்கும். "பக்கத்துத் தெரு வரைக்கும்தானே" என்று கேட்பவர்களுக்கு நான் அந்த மணலைப் பற்றிச் சொல்வேன். செருப்புக்குச் சரியான இடம் டிக்கி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

## ஸ்போர்ட்ஸ் ஷூவும் கேன்வாஸும்

பெரும்பாலானோர் செருப்பிலிருந்து இங்கேதான் நகர்கிறார்கள். அது நல்ல நகர்வு. விரல்கள் மூடியிருக்கும், லேஸ் இறுக்கிப் பிடிக்கும், ரப்பர் சோல் தரையைப் பற்றும். இறங்கியதும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியவருக்கு இதைவிட இதமானது கிடையாது.

சிக்கல், இவை எதற்காகச் செய்யப்பட்டவையோ அதில் இருக்கிறது. ஓடும் பாதம் எளிதாக மடங்க வேண்டும், காற்று புக வேண்டும், எடையே தெரியக்கூடாது. விழும் பாதத்துக்கு வேண்டியது இவற்றுக்கு நேர் எதிர். மேலே இருக்கும் வலைத்துணி உராய்வில் உடனே கிழியும். செயற்கை இழை என்பதால் சூட்டில் உருகியும் போகும். நுரை சோல் சென்டர் ஸ்டாண்டில் குழைந்து உள்வாங்கும்.

இந்த வகைக்குள்ளேயே தேர்வு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓட்டத்துக்கான ஷூவை விட்டுவிட்டு, டென்னிஸ், கூடைப்பந்து மாதிரி பக்கவாட்டில் பாய்ந்து ஆடும் ஆட்டங்களுக்கான ஷூவைப் பாருங்கள். அவற்றின் சோல் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், முறுக்கினால் சுலபத்தில் வளையாது, மேல்பாகமும் பல ஜோடிகளில் தோலாக இருக்கும். ஃபுட்போர்டில் வைத்தால் அந்தத் தட்டை சோல் அப்படியே உட்காரும். உயரமான கேன்வாஸ் ஷூ கணுக்காலை மூடுவது பார்வைக்கு மட்டும்தான். அங்கே இருப்பது ஒரு மடிப்புத் துணி.

குறைந்த தூரம், குறைந்த வேகம், இறங்கியதும் நிறைய நடை என்றால் இது போதும். லேஸ் முடிச்சைக் காலின் வெளிப்பக்கமாகத் தள்ளி, மிச்ச நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

## அலுவலகத் தோல் ஷூ

தோல் என்றதும் நம்பிக்கை வருகிறது. ஆனால் அலுவலக ஷூவின் தோல் மெல்லியது, சோல் வழவழப்பானது, குதிகால் உயரமாகத் தனியே நிற்கும். லேஸ் இல்லாமல் கால் நுழைத்துப் போகும் லோஃபரை மேலே சொன்ன குதிகால் சோதனையில் நிறுத்திப் பாருங்கள், ஒரே இழுப்பு. தோல் சோல் என்றால் நனைந்த தரையில் சொல்லவே வேண்டாம்.

செலவு மெதுவாகத் தெரியும். இடது ஷூவின் பக்கவாட்டில் சைடு ஸ்டாண்டைத் தட்டித் தட்டிக் கருப்பாக ஒரு கோடு விழும், குதிகாலின் பின்பக்கம் ஃபுட்போர்டில் உரசி வெளிறும். ஆபீசுக்கு அழகாகத் தெரிய வேண்டிய ஷூவை வண்டியிலேயே பாழாக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ரப்பர் சோல், லேஸ், கணுக்கால் வரை ஏறும் தோல் என்று மூன்றும் சேர்ந்தால் கதை மாறும். அது இந்தப் பிரிவைத் தாண்டி பூட்ஸ் பக்கம் போய்விடுகிறது.

## சேஃப்டி ஷூ

தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் "இருக்கும் சேஃப்டி ஷூவையே போட்டு ஓட்டலாமா?" என்று கேட்பார்கள். ஓட்டலாம். சேஃப்டி ஷூவுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 20345-ன்படி வரும் ஷூவின் முனைக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் அடி அது. மோட்டார் சைக்கிளில் தடித்த முனை கியர் லிவருக்கு அடியில் நுழையாது என்று குறை சொல்வார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தக் குறை இல்லை. இரும்பு முனை மடங்கி விரலை வெட்டிவிடும் என்ற பேச்சும் உலவுகிறது. அந்த இரும்பை மடக்கும் அளவுக்கு ஒரு பாரம் விழுந்தால், கவசம் இல்லாத விரல் அதற்கு முன்பே கூழாகியிருக்கும்.

ஆனால் அந்தக் கவசம் காப்பது விரல்களை மட்டும்தான். மேலிருந்து விழும் பாரத்துக்காகச் செய்யப்பட்டது அது. ஸ்கூட்டர் சாய்ந்து நசுக்குவது நடுப்பாதத்தையும் கணுக்காலையும். அதனால் சேஃப்டி ஷூவில் தாழ்ந்த ரகத்தை விட்டுக் கணுக்கால் வரை ஏறும் ரகத்தை எடுங்கள். கனம் இருக்கும், வேர்க்கும். ஸ்டாண்டில் மிதிக்கும்போது கவசத்தின் பின்விளிம்பு விரல் மூட்டில் குத்துகிறதா என்று கடையிலேயே முன்பாதத்தை மடக்கிப் பாருங்கள்.

இன்னொன்று, சோல். சேஃப்டி ஷூக்கள் பலவற்றின் சோல் பாலியூரிதேன். அது ஈரப்பதம் பட்டுப்பட்டு உள்ளுக்குள் சிதையும் பொருள். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். சில வருடம் கழித்து எடுத்துப் போட்டால் பத்தாவது அடியில் சோல் பொடிப்பொடியாக உதிர்ந்து தரையில் கிடக்கும். "புதுசாகவே இருக்கிறதே" என்று பழைய இருப்பை மலிவாக வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

## தோல் பூட்ஸ், மலையேற்ற பூட்ஸ்

என் ஓட்டு இங்கேதான் அதிகம். மேலே சொன்ன ஆய்வில் வித்தியாசத்தைக் காட்டியதும் இந்த வகைதான்: வண்டிக்கென்று செய்யாத, ஆனால் கணுக்காலை மூடும் சாதாரண பூட்ஸ்.

மலையேற்ற பூட்ஸின் சோல் கல்லிலும் சரளையிலும் பாதம் பிரளாமல் இருக்கச் செய்யப்பட்டது. ஓடும் வண்டியிலிருந்து திடீரென ஊன்றும் கால் சந்திப்பதும் அதே சரளைதான். கணுக்காலைச் சுற்றி மெத்தென்ற திண்டு, உயர ஏறும் லேஸ், நடக்கத் தோதான வளைவு எல்லாம் உண்டு. இறங்கி நாள் முழுக்க நடக்கலாம். கவனிக்க வேண்டியது மேல்பாகம்: பாதித் தோல், பாதி வலை என்று வரும் இலகுரக ஜோடிகள் ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு அண்ணன் முறை, அவ்வளவுதான். முழுத் தோல் அல்லது தடித்த ஸ்வேட் (பூம்பட்டு போல மெத்தென்று இருக்கும்) தோலாக இருக்கட்டும். சோலின் பள்ளங்களில் சரளை மாட்டிக்கொண்டு ஃபுட்போர்டைக் கீறும். ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் சரியாகிவிடும்.

சாதாரணத் தோல் பூட்ஸில் லேஸ் வைத்தது, பக்கவாட்டில் இழுவை ரப்பர் வைத்தது என்று இரண்டு ரகம். இரண்டாவது போடக் கழற்ற சுகம், உடுப்புக்கும் எடுப்பாக இருக்கும். ஆனால் அந்த இழுவைத் துணி இருப்பது மிகச் சரியாகக் கணுக்கால் எலும்பின் மேல்! தோல் இருக்க வேண்டிய இடத்தில் துணி. நாள் போகப் போக இழுவையும் தளரும். லேஸும் பக்க ஜிப்பும் சேர்ந்தே இருக்கும் ஜோடி கிடைத்தால் விடாதீர்கள்: லேஸை ஒரு தடவை அளவாகக் கட்டிவிட்டு, தினமும் ஜிப்பில் போட்டுக் கழற்றலாம். ஜிப் உள்பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம்தான் தரையில் உரசும்.

முதல் இரண்டு வாரம் குதிகால் கடிக்கும். அந்த இரண்டு வாரத்தில் கைவிட்டவர்கள்தான் "எனக்கு பூட்ஸ் ஒத்துவராது" என்கிறார்கள். வீட்டுக்குள் தடித்த சாக்ஸோடு தினம் ஒரு மணி நேரம் போட்டு நடந்து, அப்புறம் வண்டிக்குக் கொண்டுபோனால் வலி பாதியாகக் குறையும். தோலுக்கு அவ்வப்போது எண்ணெயோ மெழுகோ தடவ வேண்டும். சோலைத் தைத்த பூட்ஸ் என்றால் தேய்ந்ததும் சோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பசையில் ஒட்டியதை மாற்றுவது கடினம். பத்து வருடக் கணக்கில் தைத்த பூட்ஸ்தான் சிக்கனம்.

## ரைடிங் ஷூ

பார்க்க ஸ்னீக்கர் மாதிரி, உள்ளே கணுக்கால் திண்டு, கெட்டியான முனை, குதிகாலைச் சுற்றிக் கெட்டி ஓடு. ஆபீசில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஸ்கூட்டர்காரர்களுக்கு அளவெடுத்தது போன்ற வகை. ஆனால் "ரைடிங் ஷூ" என்று பெட்டியில் அச்சடிக்க யாருக்கும் அனுமதி தேவையில்லை. அதனால் ஷூவின் நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை) உள்பக்கமோ ஓரத்திலோ தைத்திருக்கும் சீட்டைத் தேடுங்கள்.

அதில் மோட்டார் சைக்கிள் படமும் இ.என். 13634 என்ற எண்ணும் இருக்க வேண்டும். இது ஐரோப்பியத் தரம்; 2017-ல் திருத்தப்பட்ட பதிப்பில் நான்கு இலக்கங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதலாவது உயரம். இரண்டாவது உராய்வு. மூன்றாவது வெட்டு தாங்கும் திறன். நான்காவது பக்கவாட்டு நசுங்கலைத் தாங்குவது, அதாவது கடையில் கையால் அமுக்கிப் பார்த்தோமே, அந்தச் சோதனையின் இயந்திர வடிவம். ஸ்கூட்டருக்கு எனக்கு முக்கியம் நான்காவதும் இரண்டாவதும். உயரத்தில் 1 இருந்தால் தாழ்ந்த ரகம். தினசரி ஓட்டத்துக்கு அதுவே போதும்.

இப்போது பலர் தவறவிடும் இடம்: கணுக்கால் திண்டுக்கான மோதல் சோதனை இந்தத் தரத்தில் கட்டாயம் இல்லை. அதில் தேறியிருந்தால் ஐ.பி.ஏ. என்ற எழுத்துகள் கூடுதலாக இருக்கும். அவை இல்லாத ஷூவில் நீங்கள் விரலால் அமுக்கி உணரும் அந்த வட்டத் திண்டு வெறும் நுரையாகவும் இருக்கலாம். தண்ணீர் புகாமைக்கு டபிள்யூ.ஆர். என்ற எழுத்துகள். சி.இ. என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும் இருந்து எண் எதுவும் இல்லையென்றால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. நடுச் சோல் விறைப்பானது என்பதால் நீண்ட நடைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூவின் சுகம் வராது. தண்ணீர் புகாத சவ்வு வைத்த ரகம் வெயிலில் புழுங்கும். மேல் வாய் வழியாக ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால் அதே சவ்வு அதை வெளியே விடாது, காய இரண்டு நாள் ஆகும். முதல் விலை அதிகம்தான். ஆனால் ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூ ஒன்றரை வருடத்தில் பல்லிளிக்கும்போது இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

## நீளமான ரைடிங் பூட்ஸ்

முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை வரும். பாதுகாப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் பெரிய எஞ்சின் ஸ்கூட்டரில் நாள் முழுக்கப் போகிறவருக்கு நான் இதையே சொல்வேன். நகருக்குள் இது சித்திரவதை. ஸ்கூட்டரில் முழங்கால் மடக்கிப் பாதம் தட்டையாக உட்காரும். உயரமான பூட்ஸின் வாய் கெண்டைக்காலில் இடித்துக்கொண்டே இருக்கும். இறங்கியதும் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி கட்டாயம், பூட்ஸோ டிக்கியில் நுழையாது.

## மழைக்கு

ரப்பர் கம்பூட்ஸ் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் வாய் அகலம், உள்ளே பாதம் தளர்ந்து கிடக்கும், குதிகால் சோதனையில் உடனே கழன்றுவிடும். ஷூவுக்கு மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறைகள் பரவாயில்லை, ஆனால் அடியில் ரப்பர் பிடிப்பு உள்ளதாகப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் அடி நனைந்த தரையில் பனிச்சறுக்குதான். மழைக்கோட்டின் பேன்ட்டை ஷூவின் வாய்க்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் தொடையில் வழியும் தண்ணீர் முழுக்க ஷூவுக்குள் போகும்.

## டிக்கி என்னும் சலுகை

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு: சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. "ஓட்டும் ஷூவே வேலைக்கான ஷூவாகவும் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையைத் தூக்கிப் போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஓட்ட பூட்ஸ், இறங்கியதும் மாற்ற ஒரு லோஃபரோ செருப்போ டிக்கியில், துணிப்பையில். அல்லது வேலை செய்யும் இடத்திலேயே மேசைக்கு அடியில் ஒரு ஜோடி.

இந்த ஏற்பாட்டிலும் சின்னப் பிடுங்கல்கள் உண்டு. தினம் இரண்டு தடவை மாற்ற வேண்டும். லேஸ் மட்டும் என்றால் ஒரு வாரத்தில் சலித்துவிடும், அதனால்தான் ஜிப்பை வலியுறுத்தினேன். பெட்ரோல் வண்டியில் டிக்கிக்குக் கீழே எஞ்சின். அந்தச் சூட்டில் நிரந்தரமாக ஷூவை வைத்திருந்தால் பசை இளகும், தோல் காயும். நனைந்த ஷூவை உள்ளே பூட்டினால் மறுநாள் சீட்டைத் திறக்கவே தைரியம் வேண்டும்.

## யாருக்கு எது

ஓட்டம் தினமும் பத்து நிமிடத்துக்குள், நடை நிறைய என்றால், தோல் மேல்பாகமும் தட்டை சோலும் உள்ள ஆட்டக்கள ஷூ. நகருக்குள் தினம் அரை மணி நேரமோ அதற்கு மேலோ என்றால், பக்க ஜிப் வைத்த தோல் பூட்ஸ் அல்லது தாழ்ந்த ரைடிங் ஷூ. இரண்டில் எது என்று கேட்டால், உடுப்பு பார்க்கும் வேலைக்கு பூட்ஸ், மற்றபடி ரைடிங் ஷூ. தொழிற்சாலை, கட்டுமானம் என்றால் கணுக்கால் உயர சேஃப்டி ஷூவே இரண்டுக்கும் ஆகும். டெலிவரி வேலையில் நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறவர்களுக்கு முழுத் தோல் மலையேற்ற பூட்ஸ்: மாடிப்படியும் ஏற வேண்டும், சரளையிலும் நிற்க வேண்டும், ரைடிங் ஷூவின் விறைப்பு அவர்களை நோகடிக்கும். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இருப்பதிலேயே கணுக்காலை நன்றாக மூடும் ஜோடி. வண்டியைக் காலால் தாங்கப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத்தான் அதிகம்.

கடைக்கு மாலையில் போங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடும் அதே சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். நின்று பார்த்தால் மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தட்டையாக வைத்து ஐந்து நிமிடம் இருங்கள். ஷூவின் வாய் முன்காலில் அழுத்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு வெளியே வந்து உங்கள் வண்டியையே சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள்.

பின்னால் உட்காருபவரை இதில் மறந்துவிடுகிறோம். சைலன்சருக்கும் பின்சக்கரத்துக்கும் பக்கத்தில் இருப்பது அவர் கால்தான். 70 டிகிரி சூடான உலோகம் ஒரு வினாடி பட்டாலே தோல் வெந்துவிடும். சைலன்சர் அதைவிடச் சூடாகும். மின்சார ஸ்கூட்டரில் அந்தப் பயம் இல்லை, சக்கரம் இருக்கிறது. நான் பூட்ஸ் வாங்கிய பிறகும் வெகுநாள் என் மனைவி செருப்போடுதான் பின்னால் உட்கார்ந்து வந்தாள். "உங்க காலுக்கு மட்டும் இவ்வளவு யோசிச்சீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். அடுத்த ஜோடி அவளுக்கு வாங்கினோம்: உள்பக்கம் ஜிப், முழுத் தோல், கடையில் குதிகாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது அவளேதான்.